ஊருக்குச் சொன்னோம், பிள்ளைக்குச் சொன்னோமா?

நமது தீவகத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாள் என்னும் செய்தி, அன்றைப் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுவதும் பரவிவிடுகின்றது. மாமிமாருக்கு ஆள் போகின்றது. அக்கரையிலுள்ள உறவினருக்குத் தொலைபேசி போகின்றது. ரொறன்ரோவிலே பெரியப்பா நித்திரையிலிருந்து எழுப்பப்படுகின்றார். கண்ட தண்ணீர் வார்க்கப்படுகின்றது. சோதிடர் நாள் குறிக்கின்றார். சாமத்தியச் சடங்குக்கு அழைப்பிதழ் அச்சாகின்றது. படப்பிடிப்பாளருக்கு முற்பணம் கொடுக்கப்படுகின்றது. இவ்வளவு பேருக்கும் அறிவிக்கப்பட்ட செய்தியின் பொருள் யாதென்று அறியாத ஒருவர் அவ்வீட்டிலே இருக்கின்றார். அறையின் மூலையிலே, தனிப் பாயும் தனிக் கோப்பையுமாக இருத்தப்பட்டிருக்கும் அப்பிள்ளையே அவர்.

இது மிகைக் கூற்றென்று நேயர்கள் கருதலாகாது. தென்னாசிய நாடுகளின் பாடசாலைகளில் மாணவியரின் மாதவிடாய்ச் சுகாதாரம் எந்நிலையில் உள்ளதென ஆராய்ந்து, யுனிசெஃப் நிறுவனமும் வாட்டர்எய்ட் நிறுவனமும் 2018ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டன. இலங்கைப் பெண்பிள்ளைகளுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், முதற்பூப்பு வரும்வரை அதைப்பற்றி எவராலும் அறிவிக்கப்படாதவர் என்பது அதிற் கண்ட செய்தி. எழுத்தறிவிலும் இலவசக் கல்வியிலும் இலவச வைத்தியத்திலும் அண்டை நாடுகளுக்கு முன்மாதிரி என்று நம்மைப் பற்றி நாமே பேசிக்கொள்ளும் நாட்டிலே இந்நிலை. துவிச்சக்கர வண்டியிலிருந்து விழுந்தமையால் வயிற்றினுள்ளே காயம் பட்டுவிட்டதென்று அஞ்சி, இரண்டு நாட்கள் ஒருவருக்கும் சொல்லாது மறைத்து வைத்திருந்த ஒரு மாணவியை நாம் அறிவோம். அப்பிள்ளை வகுப்பில் முதலாம் பிள்ளை. இலைகளின் ஒளித்தொகுப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதவல்லவள்.

நயினாதீவிலிருந்து தாயொருவர் நமக்கு எழுதிய கடிதமே இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொள்ளத் தூண்டியது. ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள். அவளுக்கு இதைச் சொல்லலாமா, இப்போதே சொன்னால் பிஞ்சு மனம் கெட்டுவிடாதா என்று அவர் கேட்கின்றார். கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லுமுன் அவர் தம்மையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: தமக்கு எவர் சொன்னார், எப்போது சொன்னார், அன்று தாம் அழுதது எத்தனை நாழிகை?

ஒன்பது, பத்து வயதே சொல்லத் தக்க காலம். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதினொன்றுக்கும் பதினான்குக்கும் இடையிலே முதற்பூப்பு நிகழ்கின்றது. சிலருக்கு ஒன்பது, பத்திலும் நிகழ்வதுண்டு. உடம்பே முன்னறிவிப்புக் கொடுக்கின்றது. மார்பு அரும்பத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டுகளுக்குப் பின்னரே முதல் உதிரம் தோன்றும். ஆகவே, தாயின் கண் பார்த்துக்கொண்டிருக்க, சொல்வதற்கென்று இரண்டு ஆண்டுகள் இயற்கையே தவணை கொடுத்திருக்கின்றது. அத்தவணையைப் பேசாமற் கழித்துவிட்டு, நாள் வந்தபின் குரவை இடுவதாற் பயன் என்ன?

மனம் கெட்டுவிடும் என்பது வீண் அச்சம். அறியாமல் உதிரத்தைக் கண்ட பிள்ளைதான் நடுங்குகின்றாள். அறிந்திருந்த பிள்ளை, "அம்மா, நீங்கள் சொன்னது வந்திட்டுது" என்று வந்து நிற்கின்றாள். இவ்விரு பிள்ளைகளுள் எவளுடைய மனம் கெட்டது என்பதைத் தாய்மாரே தீர்மானிக்கட்டும்.

என்ன சொல்வது என்பதும் பெரிய வித்தையன்று. பெண்ணின் வயிற்றின் அடியிலே கருப்பை என்று ஒரு பை இருக்கின்றது. ஒரு நாள் பிள்ளை தங்குமிடம் அது. மாதந்தோறும் அதன் உட்சுவரிலே மெத்தென ஒரு விரிப்புப் படர்கின்றது. கரு ஒன்றும் தங்காத மாதத்தில் அவ்விரிப்புக் கழன்று, சிறிது இரத்தத்துடன் வெளியே வந்துவிடுகின்றது. இரண்டு நாள் முதல் ஏழு நாள்வரை அது நீடிக்கும். முழுவதையும் ஒன்றுசேர்த்தால் சராசரி முப்பது, நாற்பது மில்லிலீற்றர். அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவே. கெட்ட இரத்தம் வெளியேறுகிறது என்று நம் ஆச்சிமார் சொல்வர். அது கெட்டதுமன்று, அழுக்குமன்று; கைவிரலை வெட்டினால் வருவதும் அதே இரத்தந்தான். முதல் ஓரிரண்டு ஆண்டுகள் மாதக் கணக்குச் சரியாக ஓடாது. இருபத்தொரு நாளில் வருவதும் நாற்பத்தைந்து நாள் கழித்து வருவதும் அப்பருவத்தில் இயல்பே.

இவ்வளவுதான். இதைச் சொல்லத் தமிழிற் சொல் இல்லை, சொன்னால் விரசமாகும் என்று ஆசிரியர் சிலர் கூறுவதை நாம் கேட்டிருக்கின்றோம். யாழ்ப்பாணத்தவர் இதைச் சொல்வது வெட்கக்கேடு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் இங்கு வந்து, மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். அவர் 1857ஆம் ஆண்டளவிற் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழிலே அச்சேற்றிவிட்டார். பெண்ணுறுப்புகள் அனைத்துக்கும் நாகரிகமான தமிழ்ச் சொற்கள் நம் மண்ணிலே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உள்ளன. சொல் இருக்கின்றது; சொல்லும் வாய்தான் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடம் இருக்கின்றது. கட்டிளமைப் பருவத்து மாற்றங்கள் பாடநூலில் அச்சிடப்பட்டும் இருக்கின்றன. அப்பக்கம் வரும்போது, "இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிவிடும் வழக்கம் எந்தப் பாடசாலையில் உள்ளது, எதில் இல்லை என்பதை மாணவியரே அறிவர். வீட்டிலோ, "அதெல்லாம் ரீச்சர் சொல்லித் தருவா" என்று தாய் கருதியிருக்கின்றார். நடுவிலே பிள்ளை கைத்தொலைபேசியைத் துழாவுகின்றாள். அங்கே கிடைப்பது பாதி மருந்து விளம்பரம், பாதி பொய்.

இனி நயினாதீவுக்கு வருவோம். ஏனெனில், கொழும்பிலே எழுதப்படும் சுகாதாரக் கைந்நூல்கள் அத்தீவுக்குப் பொருந்துவதில்லை. சவர்க்காரமிட்டு நிறையத் தண்ணீரிற் கழுவுங்கள் என்று எழுதுவது, குழாயைத் திறந்தால் நீர் பாயும் ஊரில் இருப்பவருக்கு இலேசு. நயினாதீவோ நாலு சதுர கிலோமீற்றரைச் சற்றே மிஞ்சும் நிலத்துண்டு. சுற்றிலும் கடல், அடியிலே சுண்ணாம்புக் கல். மழைநீர் கல்லினூடே இறங்கி, உவர் நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. கிணற்றில் அளவுக்குமேல் இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். குடிக்கும் நீரைச் செம்பு செம்பாகக் கணக்குப் பார்த்துச் செலவிடுவது அத்தீவாருக்குப் பிறவிப் பழக்கம். இப்படிப்பட்ட இடத்திலே, தனக்கு மேலதிகமாக இரண்டு வாளி தண்ணீர் வேண்டுமென்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாய்திறந்து கேட்பாளா?

உவர் நீரின் இயல்பையும் அறிதல் வேண்டும். அதிற் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லையென்று மேலும் மேலும் தேய்த்தால், சவர்க்காரம் துணியின் இழைகளிலே படிந்து விறைத்துப்போகும். அத்துணியைப் பின்னர் அணியும்போது தொடையிடுக்கிற் கடியும் புண்ணும் உண்டாகின்றன. ஆகையாற் பழந்துணி பயன்படுத்துவோர் முதலில் இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரில், உவர் நீரேயாயினும், ஊறவைத்துப் போக்குதல் வேண்டும். சுடுநீர் கறையை உறையச் செய்துவிடும். பின்னர்ச் சிறிதளவு சவர்க்காரம். கடைசி அலசலுக்கு மாத்திரம் நல்ல தண்ணீர் ஒரு வாளி. மாரியிலே கூரைநீரைப் பிடித்து வைக்கும் வீடுகளுக்கு இது ஒரு பொருட்டன்று.

துணியைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பருத்திச் சீலைத் துண்டு நல்ல பொருள். நம் பாட்டிமார் எல்லோரும் அதைக்கொண்டே வாழ்ந்தனர். தீங்கு துணியில் இல்லை. அதை உலர்த்தும் முறையில் இருக்கின்றது. ஆண்கள் கண்ணிற் படலாகாதென்று அதைக் கட்டிலின் அடியிலும், மலசலகூடத்தின் இருட்டுச் சுவரிலும், வேறொரு துணியின் கீழே மறைத்தும் உலர்த்துகின்றனர். அங்கே அது உலர்வதில்லை, புழுங்குகின்றது. பூஞ்சணம் பிடித்த அத்துணி அடுத்த மாதம் பிள்ளையின் உடம்பிலே சேர்கின்றது. நயினாதீவில் நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம், வெயிலுக்குப் பஞ்சமில்லை. செலவில்லாமற் கிருமியைக் கொல்லும் வெயில் முற்றம் முழுவதும் காய்ந்துகொண்டிருக்க, கொடியில் எட்டு முழ வேட்டி பறக்கலாம், இத்துண்டு மட்டும் பறக்கலாகாதென்று எவர் விதித்தார்? வேண்டுமாயிற் கொல்லைப்புறத்திலே, கிடுகு வேலிக்கு இப்பால், வெயில் படும் இடத்தில் ஒரு தனிக் கொடி கட்டிக்கொள்ளலாம். ஒரு முழக் கயிறும் இரண்டு ஆணியும் போதும்.

சுகாதாரத் துவாய் வாங்கக்கூடியவர் வாங்குகின்றனர். அதை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். காலையிற் பாடசாலைக்குப் போகும்போது வைத்ததை மாலையில் வீட்டுக்கு வந்த பின்னரே மாற்றும் மாணவியர் பலர். பாடசாலையில் மாற்றுவதற்கு இடமில்லை, அல்லது இடமிருந்தும் கதவுக்குக் கொழுக்கி இல்லை. மாற்றியபின் அதை எங்கே போடுவது என்பது தீவிலே இன்னும் பெரிய கேள்வி. அதன் உள்ளே நீரை உறிஞ்சி ஊதும் ஒருவகைத் தூள் இருக்கின்றது. மலசலகூடக் குழியிற் போட்டால் ஊதிக் குழாயை அடைத்துவிடும். கடலில் எறிந்தால் வாடைக்காற்று அதை நம் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். கிணற்றுக்கு அண்மையிற் புதைத்தாலோ, சுண்ணாம்புக் கல் எதையும் வடிகட்டுவதில்லை. தாளிற் சுற்றி, மூடியுள்ள வாளியிற் சேர்த்து, ஊர்க் குப்பை எடுப்பாரிடம் ஒப்படைப்பதே தக்க வழி. பாடசாலைகள்தோறும் மாணவியர் மலசலகூடத்திலே மூடியுள்ள ஒரு வாளி, உட்புறம் ஒரு கொழுக்கி, ஒரு சவர்க்காரக் கட்டி, சாமான் வைக்க ஒரு சிறிய தட்டு ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பழைய மாணவர் சங்கத்தார் சென்று பார்ப்பார்களாக. வாயிலுக்கு வளைவு கட்டிப் பெயர் பொறிப்பதற்குக் காசு அனுப்பும் வெளிநாட்டு அன்பர்களுக்கும் இது விண்ணப்பம். கொழுக்கியிலே பெயர் பொறிக்க இடமிராது என்பது உண்மைதான்.

நம் பிள்ளைகள் அணிவது வெண்ணிறச் சீருடை. இந்நாட்டில் ஆயிரக்கணக்கான பாடசாலைகளில் மாணவியர் நெஞ்சிலே மாதந்தோறும் நிலவும் அச்சத்தின் நிறமும் அதுவே. எழுந்து நின்று விடை சொல்ல அஞ்சுகின்றனர். கரும்பலகைக்கு வர அஞ்சுகின்றனர். விளையாட்டுப் பாடத்தில் ஓரமாய் இருக்கின்றனர். ஈற்றில், "சுகமில்லை" என்று வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். மாதம் இரண்டு நாள் வீதம் கணக்கிட்டால், ஆண்டு ஒன்றிற் பாடசாலை நடைபெறும் பத்து மாதங்களில் இருபது நாட்கள்; கிழமைக்கு ஐந்து நாட் பாடசாலையாயின், முழுதாக நான்கு கிழமைப் படிப்பு. கணிதத்திற் பின்தங்கிவிட்டாள் என்று பெற்றோர் ரியூஷன் ஆசிரியரைத் தேடுமுன் இக்கணக்கையும் பார்த்தல் நன்று.

அரசாங்கத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2018ஆம் ஆண்டு செப்டெம்பர் வரையில் இறக்குமதியாகும் சுகாதாரத் துவாய்கள்மீது விதிக்கப்பட்ட வரிகளின் கூட்டுத்தொகை 101.2 வீதம். அதாவது, பொருளின் விலையிலும் வரி பெரிது. அவ்வாண்டில் அது 62.6 வீதமாகக் குறைந்தது. பொருளாதாரம் முறிந்த 2022ஆம் ஆண்டில் விலைகள் ஏறியபோது பல வீடுகளில் முதலில் வெட்டப்பட்ட செலவு இதுவே. அவ்வாண்டிறுதியில் உள்நாட்டு உற்பத்திக்கு வேண்டும் மூலப்பொருள்களின் வரியிற் சலுகை அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டிலே கல்வியமைச்சு, வசதி குறைந்த பாடசாலைகளின் மாணவியர் ஏறக்குறைய 8 இலட்சம் பேருக்கு 1200 ரூபா பெறுமதியான வவுச்சர் வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட புதுயுகம் திட்டம் கிராமப்புற மாணவியருக்கு இலவசமாகவே துவாய்களைக் கொடுத்தது. ஸ்கொத்லாந்து நாட்டில் 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல், வேண்டிய எவரும் பொது இடங்களில் இலவசமாகப் பெற்றுக்கொள்ள உரிமை உண்டென்று சட்டமே நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் வவுச்சர் நல்ல தொடக்கம். ஆயினும் தீவுப் பிள்ளைக்குக் கடையும் வேண்டும். கடல் கொந்தளித்துக் குறிகட்டுவான் வள்ளங்கள் ஓடாத நாளில், தீவுக் கடையில் இருப்பு முடிந்திருந்தால், தாளிலுள்ள 1200 ரூபாவை அணிந்துகொள்ள இயலாது. மாரிகாலத்துக்கு அரிசி சேர்த்து வைக்கும் வீட்டுக்காரர் இதையும் இரண்டு பொதி மேலதிகமாகச் சேர்த்து வைத்துக்கொள்வது புத்தி.

இனித் துடக்கைப் பற்றி. இதை எடுத்தால் நம்மீது கோபங்கொள்ளும் நேயர் உண்டு என்பதை அறிவோம். மாதவிலக்கு நாளிற் கோயிலுக்குச் செல்லாமை பலர் மனமுவந்து கைக்கொள்ளும் வழக்கம். அதைப்பற்றி வழக்காட நாம் வரவில்லை. ஆனால் கோயில் வாசலிலே நிற்க வேண்டிய துடக்கு, வரவரக் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் புத்தக அலுமாரிக்கும் வந்துவிட்டது. குளிக்காதே, தலை முழுகாதே என்கின்றோம். உடம்பு மிகுதியாகக் குளிப்பை வேண்டும் நாட்கள் அவையே. நவராத்திரியில் ஏடு தொடாதே என்கின்றோம். நடுவிலே தவணைப் பரீட்சை வந்துவிட்டாற் கலைமகள் யார் பக்கம்?

நயினை நாகபூஷணி அம்மனின் தலத்தைச் சத்திபீடங்களுள் ஒன்றாக அடியார்கள் போற்றுகின்றனர். அதே பீடவரிசையிலே வைத்து எண்ணப்படும் அசாம் மாநிலத்துக் காமாக்கியா ஆலயத்தில் ஆண்டுதோறும் அம்புபாசி என்னும் விழா நடைபெறுகின்றது. தேவிக்கே மாதவிடாய் நிகழ்வதாகக் கொண்டு மூன்று நாட்கள் நடை சாத்துகின்றனர். நான்காம் நாள் நடை திறக்க, இலட்சக்கணக்கானோர் திரண்டு சென்று செந்நிறத் துணியைப் பிரசாதமாகப் பெற்றுத் தலையிற் சூடி வருகின்றனர். நிலம் செழிக்க அது அறிகுறி என்பது அவர் நம்பிக்கை. விழா நிகழ்வது ஆனி மாதத்தில். நயினையிலும் அம்மன் கொடியேறும் மாதம் அதுவே. கேரளத்துச் செங்கன்னூர்ப் பகவதி கோயிலிலும் திருப்பூத்து என்று இதையே கொண்டாடித் தேவியை ஆற்றுக்கு நீராட எழுந்தருளச் செய்கின்றனர். அம்பிகைக்கு விழாவாக இருப்பது அவள் பெயரைச் சூடிய பிள்ளைக்குத் தீட்டாக வேண்டியதில்லை என்று கருதுவோரும் சைவரே, சாக்தரே.

ஆனித் திருவிழாவைச் சொன்னவுடன் மற்றொன்றும் நினைவுக்கு வருகின்றது. தேர் நாளிலே விலக்கு வந்துவிடலாகாதென்று, மருந்துக்கடையில் நோரெதிஸ்டெரோன் குளிசை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும் தாய்மார் அங்குமிங்கும் உளர். சடங்கு நாள் தள்ளிப்போகாமல் இருக்கவும் சிலர் கொடுக்கின்றனர். அது மிட்டாயன்று; இயக்குநீர் மருந்து. இரத்தம் உறையும் இயல்புள்ளோர்க்கும், ஈரல் நோயுள்ளோர்க்கும் அது ஆபத்து விளைவிக்கக்கூடும். வைத்தியர் பார்த்து எழுதிக் கொடுத்தாலன்றிப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் அதைப் போடலாகாது. பிள்ளை ஒரு தேர் பாராவிட்டால் அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

ஒதுக்கி வைப்பதனால் வரும் தீங்கு படிப்போடும் குளிப்போடும் நின்றுவிடுவதில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையிற் கஜா புயல் தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கிற்று. தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காடு என்னும் ஊரில், புதிதாய்ப் பூப்பெய்திய ஒரு சிறுமியை வழக்கப்படி வீட்டை அடுத்த ஓலைக்குடிலில் விலக்கி வைத்திருந்தனர். தென்னைமரம் முறிந்து குடிலின்மேல் விழ, அவள் இறந்தாள். அதே வாடைக்காலப் புயல்களுக்கு முகங்கொடுத்து நிற்பவை நம் தீவுகள். நயினாதீவில் அவ்வகைக் குடில் கட்டும் வழக்கம் இல்லையென்பது ஆறுதல். தனி மூலை வழக்கம் உண்டு. அம்மூலையில் நல்ல படுக்கையும் விளக்கும் புத்தகமும், மலசலகூடத்துக்கு இராவிலே துணைபோக ஒருவரும் இருந்தால் அது ஓய்வு. அவை இல்லையென்றால் அதற்குப் பெயர் வேறு.

சடங்குக் காலத்துச் சாப்பாட்டைக் குறைகூற மாட்டோம். உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் சரக்குத் தண்ணியும் கொடுத்து, வளரும் உடம்புக்குப் போஷாக்கு ஊட்டியவர் நம் முன்னோர். குறை யாதெனில், அது பத்துப் பதினைந்து நாளோடு நின்றுவிடுகின்றது. உதிரமோ மாதந்தோறும் போகின்றது. இரும்புச்சத்துக் குறைந்து, படியேறினால் மூச்சு வாங்கி, வகுப்பிலே தூங்கிவிழும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுகின்றோம். முருங்கையிலையும் கீரையும் பருப்பும் நெத்தலி, சூடை முதலிய மீனும் தீவில் அரிதல்ல. முருங்கையிலைச் சுண்டலில் அரைத் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்கு உடம்பிற் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தாற் சேராது போகும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். யாழ்ப்பாணத்தவரிடம் தேத்தண்ணீரை விடச் சொன்னால் எவரும் கேளார் என்பதால், நேரத்தை மாத்திரம் மாற்றச் சொல்கின்றோம்.

வயிற்று நோவைப் பற்றி ஒரு சொல். கருப்பை தன் விரிப்பைக் கழற்ற இறுகிச் சுருங்குகின்றது. அதைத் தூண்டும் புரொஸ்ரகிளாண்டின் என்னும் பொருள் மிகும்போது நோவும் மிகுகின்றது. அது நடிப்பன்று. அடிவயிற்றிற் சுடுநீர்ப் போத்தலை ஒற்றினால் தணியும். மெல்ல உலாவினாலும் தணியும். ஆயினும் மாதந்தோறும் பள்ளிக்குப் போக இயலாதவாறு நோ வருத்துமாயின், "பெண்ணென்றால் தாங்கத்தான் வேணும்" என்று சொல்லி இருத்தி வைத்தல் பிழை. வைத்தியரிடம் காட்ட வேண்டும். பதினைந்து வயதாகியும் பூப்பு வராதிருத்தல், ஏழு நாளுக்கு மேல் உதிரம் நில்லாதிருத்தல், மணித்தியாலத்துக்கு ஒரு துவாய் நனைதல், மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விடுதல் ஆகியவையும் அவ்வாறே காட்டத்தக்கவை.

தகப்பன்மாரும் அண்ணன்மாரும் இப்பகுதியை இதுவரை வாசித்திருப்பார்களானால் அவர்களுக்கு நன்றி. சாமான் வாங்க அக்கரைக்கு வள்ளமேறுபவர் பெரும்பாலும் அவர்களே. துண்டிலே எழுதிக் கொடுத்தால் உள்ளி, மிளகு, சீனி என்று வாங்கி வருபவர், இதை எழுதினால் மட்டும் துண்டைத் தொலைத்துவிடுகின்றனர். கடைக்காரரோ அதைப் பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றி, அதன்மேற் கறுப்புப் பையிலும் இட்டு, கள்ளச் சரக்கு கைமாற்றுவதுபோற் கொடுக்கின்றார். ஞாயிறு மலர்ப் பக்கங்கள் வீட்டுப் பெண்களுக்குச் செய்யும் தொண்டு இப்போதைக்கு இவ்வளவேயாக இருக்கலாம். கோயமுத்தூரில் அருணாசலம் முருகானந்தம் என்பவர், தம் மனைவி கந்தலை ஒளித்து வைப்பதைக் கண்டு மனம் பொறாது, குறைந்த விலையில் துவாய் செய்யும் பொறியை உண்டாக்கினார். ஊரும் உறவும் அவரைப் பித்தனென்று ஒதுக்கின. அவருக்கு 2016ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் வீட்டு ஆண்கள் பொறி ஒன்றும் செய்யவேண்டியதில்லை. கடைக்குப் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டாற் போதும்.

கேட்டறிய ஆளில்லை என்று தாய்மார் மலைக்க வேண்டாம். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், வீடுதேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரை இந்நாடு வளர்த்து வந்திருக்கின்றது. கர்ப்பிணித் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் மாத்திரம் அவர் வருவதாக நாம் நினைக்கின்றோம். படலையிலே அவரைக் காணும்போது, "உள்ளே வாருங்கோ, பிள்ளையோடையும் ஒருக்காக் கதையுங்கோ" என்று அழைத்தால், அவர் இருந்து பேசுவார்.

அவர் வருமுன் பிள்ளை செய்துவைக்கக் கூடியது ஒன்றுண்டு. வீட்டுச் சுவரிலே தொங்கும் பஞ்சாங்கக் கலண்டரில், அட்டமி நவமிக்குப் பக்கத்திலே, தொடங்கிய நாளுக்கு ஒரு சிறு புள்ளியும் முடிந்த நாளுக்கு ஒரு புள்ளியும் பென்சிலால் இட்டு வரட்டும். ஆறு மாதப் புள்ளிகள் சேர்ந்தால் அடுத்தது எக்கிழமை வரக்கூடும் என்று ஒருவாறு தெரிந்துவிடும். அக்கிழமை புத்தகப்பையின் அடியில் இரண்டு துவாயும் ஒரு மாற்று உள்ளாடையும் ஒரு பொலித்தீன் பையும் இருக்கும். வைத்தியரிடம் போக நேர்ந்தாலும், அவர் முதலாவதாகக் கேட்கும் கேள்வி, "கடைசியாக எப்ப வந்தது?" என்பதே. அதற்குத் தாய் முந்திக்கொண்டு விரல்விட்டு எண்ணாமல், பிள்ளையே நாளைச் சொல்ல விடுங்கள்.